ஆங்கில உறவுமுறையில் வீட்டு விளிப்பெயர்கள்

ஆங்கில உறவுமுறையை ஆராய்ந்தோர் மதர், ஃபாதர், ஆன்ட், அங்கிள் முதலிய முறைப்பெயர்களையே முதன்மைத் தரவாகக் கொண்டனர். தமிழ் உறவுமுறையையும் விரிவாக ஒப்பிட்ட லூயிஸ் ஹென்றி மார்கனின் 1871ஆம் ஆண்டுப் பெருநூல் தொடங்கி, ஆங்கிலத்தை 'எஸ்கிமோ' வகையில் சேர்த்த மர்டாக்கின் 1949ஆம் ஆண்டு நூல் வரை இதுவே நடைமுறை. தாய்வழி, தந்தைவழி எனப் பிரிக்காத, அண்ணன் தம்பி வேறுபாடு காட்டாத மொழி என்ற முடிவு இத்தரவிலிருந்தே எழுந்தது. மம், டாட், நேன், கிரானி போன்றவை மழலை என்றும் குறுக்கம் என்றும் ஒதுக்கப்பட்டன. ஆனால் இவை தமக்கென இலக்கணம் உடைய தனி அடுக்கு. முறைப்பெயர்களில் இல்லாத சில பாகுபாடுகளை இந்த அடுக்கே தாங்கி நிற்கிறது.

முதலில் இலக்கணம். 'மதர்' என்று பிறரிடம் சொல்லும்போது 'என்', 'அவளுடைய' என ஓர் உடைமைச்சொல் பெரும்பாலும் முன்னே வரவேண்டும். 'மம்' தனித்தே நிற்கும்; எழுத்திலும் ஆட்பெயரைப்போலப் பெரிய முதலெழுத்துப் பெறும். அடுத்தது திசை. மகன் தாயை மம் என்கிறான். தாய் அவனைப் பெயர் சொல்லியே அழைக்கிறாள். உடன்பிறந்தோரும் வயது பாராமல் பெயரிட்டே அழைத்துக்கொள்கின்றனர். மான்செஸ்டர்ப் பகுதியில் தம்பி தங்கையை 'அவர் கிட்' (our kid) என்பது போன்ற வழக்குகள் விதிவிலக்கு. ஆக, விளிப்பெயர் பொதுவாக மேல் தலைமுறையை நோக்கியே செல்கிறது. சமத்துவம் பேசும் குடும்பத்திலும் தலைமுறை மரியாதை இவ்வழியில் நிலைக்கிறது. பாட்டியர் பெயர்கள் இன்னும் வளமானவை. கிராண்ட்மதர் என்ற ஒரே சொல் இருவரையும் குறிக்கும். வீட்டிலோ ஒருவர் நேன், மற்றவர் கிரானி. அல்லது ஒருவர் நானா, மற்றவர் கிரான். எந்தப் பெயர் எந்த வழிக்கு என்ற பொதுவிதி இல்லை. அதை அந்தந்தக் குடும்பமே முடிவு செய்கிறது. வேல்ஸில் வடக்கே 'நைன்', தெற்கே 'மம்-கீ' என்ற வெல்ஷ் சொற்கள் ஆங்கிலப் பேச்சிலும் புழங்குகின்றன. அமெரிக்காவில் ஜெர்மானிய வழியினரிடம் 'ஓமா'வும் இத்தாலிய வழியினரிடம் 'நோன்னா'வும் உண்டு. பாட்டி எந்தப் பக்கத்தவர் என்பதோடு, எந்த மரபினர் என்பதையும் இச்சொற்கள் சொல்லிவிடுகின்றன.

இவையெல்லாம் குழந்தை நாவின் இயல்பே என்று மறுக்கலாம். மர்டாக் பல மொழிகளில் திரட்டிய 1,072 பெற்றோர் பெயர்களை ஆராய்ந்த ரோமன் யாக்கப்சன், தாயைக் குறிப்பவற்றில் 55 விழுக்காடும் தந்தையைக் குறிப்பவற்றில் 15 விழுக்காடும் மூக்கொலி கொண்டவை எனக் காட்டினார். ஒலியின் தோற்றத்துக்கு இது வலுவான விளக்கம், வழக்குக்கு அன்று. தெற்கு இங்கிலாந்தில் மம், வடகிழக்கிலும் வேல்ஸிலும் மேம், பர்மிங்ஹாமிலும் அமெரிக்காவிலும் மாம். நியூகாசில் குழந்தையின் வாயும் லண்டன் குழந்தையின் வாயும் வேறல்ல. வேறுபடுவது பெரியவர்கள் கற்பிக்கும் வழக்கே. 'பப்பா' 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து வந்து உயர்குடியினரிடம் வேரூன்றியது. அதற்கு முன்பே, 16ஆம் நூற்றாண்டிலேயே, பதிவுபெற்ற 'டாட்' பிற்பாடு எல்லா வகுப்பினருக்கும் பொதுவாக, பப்பா பின்தங்கியது. இது சமூக வரலாறு. மழலையின் வரலாறு அன்று.

குடும்பத்துக்குக் குடும்பம் மாறுவதை அமைப்பு என்று எப்படிச் சொல்வது என்பது இன்னும் கடினமான கேள்வி. மாறுவது சொல் மட்டுமே. இரு பாட்டியரும் உயிரோடிருந்து பேரக்குழந்தையோடு பழகும் வீட்டில் அவர்களைப் பிரித்தழைக்கும் தேவை மாறுவதில்லை. தேவை பொதுவாகவும் தீர்வு தனியாகவும் இருப்பது அமைப்பின்மை ஆகாது. ஒரே உறவினருக்கு மாற்றுப் பெயர்கள் பல இருப்பதை ஷ்னைடரும் ஹோமன்ஸும் 1955இலேயே அமெரிக்க ஆங்கிலத்தில் கண்டு, அத்தேர்வு உறவின் தன்மையைக் காட்டுவதாக எழுதினர். அந்தத் தடம் பின்னர் போதிய அளவு பின்பற்றப்படவில்லை. ஆங்கிலத்தைத் தமிழோடு ஒப்பிடும் ஆய்வாளர்கள் இனியேனும் முறைப்பெயர்ப் பட்டியலோடு நின்றுவிடாமல், யார் யாரை எந்த ஊரில் எப்படி அழைக்கிறார் என்பதையும் தரவாகச் சேர்க்க வேண்டும்.