ஜாஸ் இசையில் ஓர்கன்: கருவியும் கலைஞரும்

கருவியைச் சமைப்போன் ஒருவன். அதன் குரலைக் கண்டறிவோன் பிறிதொருவன். இவ்விருவரும் எக்காலத்தும் ஒத்த கருத்தினராய் இருப்பதில்லை என்பதற்கு இசைக்கலை வரலாற்றிலே சான்றுகள் பலவுள. அவற்றுள் ஒன்று, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவிலே தழைத்த ஜாஸ் ஓர்கன் மரபாகும். தேவாலயத்துக் குழல் ஓர்கனுக்கு மலிவான மாற்றாக அமைக்கப்பட்ட மின்கருவியொன்று, கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த நகர்ப்புறங்களின் சிற்றரங்குகளிலே தனக்கென ஒரு மொழியைப் பெற்றது. அம்மொழியை ஆக்கியோர் யாவர், அவர்தம் நடைகள் எவ்வாறு வேறுபட்டன என்பவற்றை அறிந்து கேட்பார்க்கே அவ்விசையின் முழுச்சுவையும் புலனாகும்.

மின்கருவி தோன்றுமுன்னரே ஜாஸ் இசைவாணர் ஓர்கனைத் தொட்டனர். அவருள் முதல்வராகக் கருதத்தக்கவர் பற்ஸ் வாலர் என்பார். 1904இல் பிறந்த இவர், சமயப்பணியில் ஈடுபட்டிருந்த தந்தையின் மைந்தர். இளமையிலேயே நியூயோர்க் நகரின் ஹார்லம் பகுதியிலுள்ள லிங்கன் அரங்கில், பேசாப் படங்களுக்குப் பின்னணியாகக் குழல் ஓர்கன் வாசித்தார். 1926இல் நியூ ஜேர்சி மாநிலத்துக் கம்டன் நகரிலே, பழைய தேவாலயமொன்றை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றியிருந்த விக்ரர் நிறுவனத்தார், இவரது ஓர்கன் இசையை இசைத்தட்டிற் பதித்தனர். குழலினுள்ளே காற்றுப் புகுந்து ஒலியெழுவதற்குச் சிறிது தாமதமாகும். துள்ளிச் செல்லும் ஜாஸ் தாளத்துக்கு அஃது இடையூறே. அவ்விடையூற்றையும் வென்று, பெரிய கருவியொன்றை இலகுவாக நடனமாடச் செய்தமையே வாலரின் சிறப்பாகும். பின்னாளிற் புகழ்பெற்ற கவுண்ற் பேசி, ஓர்கனின் மிதிகட்டைகளைக் கையாளும் முறையை இவரிடமிருந்தே கற்றார்.

இனி, மின்கருவியின் வரலாற்றை நோக்குவோம். சிக்காகோவில் மின்கடிகாரங்கள் செய்துவந்த லோரன்ஸ் ஹமண்ட் என்னும் பொறியியலாளர், 1934இல் ஒரு புதிய ஓர்கனுக்குக் காப்புரிமை பெற்று, அடுத்த ஆண்டில் அதனை விற்பனைக்குக் கொணர்ந்தார். அவர் இசை வாசிக்கத் தெரிந்தவரல்லர். மின்னோட்டத்தின் அதிர்வோடு ஒத்தியங்கும் மோட்டரைக் கடிகாரத்திற் பயன்படுத்திய அறிவே அவருக்குக் கைகொடுத்தது. பல்வெட்டிய தொண்ணூற்றொரு உலோகச் சில்லுகள் காந்தங்களின் முன்னே சுழல, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுருதிக்குரிய மின்னலையைப் பிறப்பிக்கும். ஒன்பது இழுகோல்களை வேண்டிய அளவுக்கு வெளியே இழுத்து, அடிப்படைச் சுரத்தோடு அதன் மேற்றொனிகளைக் கலந்து, பல்வகைத் தொனிகளை ஆக்கலாம். கைகளுக்கென இரண்டு விசைப்பலகைகளும், கால்களுக்கென இருபத்தைந்து மிதிகட்டைகளும் உண்டு.

இக்கருவி குழல் ஓர்கனுக்கு நிகரானது என்று விளம்பரஞ் செய்யப்பட்டபோது, வழக்கொன்று எழுந்தது. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு இதனை விசாரித்தது. 1937இல் சிக்காகோப் பல்கலைக்கழக ஆலயத்தில் இருவகை ஓர்கன்களையும் மறைவிலிருந்து வாசித்துக் கேட்போரின் செவியைச் சோதித்தனர். ஈற்றில், 1938இல், வரம்பற்ற தொனிவளம் உடையது என்பன போன்ற விளம்பரக் கூற்றுகளைக் கைவிடுமாறு ஆணைக்குழு கட்டளையிட்டது. ஆகவே, போலி என்னும் ஐயப்பாடு இக்கருவியைப் பிறப்பிலேயே சூழ்ந்திருந்தது எனலாம்.

அதன் குறைகளாகக் கருதப்பட்டவையும் சில. விசையை அழுத்தும்போது மின்தொடுப்புகள் பொருந்துவதால் ‘டிக்’ என்றொரு சிற்றொலி எழும். பொறியியலாளர் அதனைப் பழுதென எண்ணி அடக்க முயன்றனர். அன்றியும், சிறிய அறையில் அதன் ஒலி அசைவற்றுத் தட்டையாகக் கேட்டது. இக்குறையைப் போக்க விரும்பிய டொனல்ட் லெஸ்லி என்பார், ஒலி செல்லும் வாயிலே சுழலுமாறு அமைந்த ஒலிபெருக்கியொன்றை 1940ஆம் ஆண்டளவில் ஆக்கினார். சுழலும் வாய் கேட்போனை அணுகியும் அகன்றும் செல்வதால், சுருதியும் வலிமையும் இடையறாது நுண்ணிதாக அசையும். ஹமண்ட் நிறுவனத்தார் அதனை ஏற்க மறுத்தனர். ஆயினும், செய்தோர் பழுதென்ற சிற்றொலியையும், வேண்டாமென்ற சுழலொலியையும் ஜாஸ் இசைவாணர் விரும்பி ஏற்றனர். சிற்றொலி ஒவ்வொரு சுரத்துக்கும் கூரிய தொடக்கத்தைத் தந்தது. சுழலொலி அதற்கு மூச்சைத் தந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்ப் பெரும் வாத்தியக் குழுக்கள் பலவும் செலவு தாங்காது கலைந்தன. அந்நிலையில், ஒருவரே பலராய் ஒலிக்கவல்ல கருவிக்கு இடம் பிறந்தது. லூயி ஜோர்டனின் குழுவிற் பியானோ வாசித்த வைல்ட் பில் டேவிஸ், 1950ஆம் ஆண்டையொட்டி ஓர்கனுக்கு மாறி, கிற்றாரும் முரசும் துணையாக மூவர் குழு அமைத்தார். கைந்நிறைந்த சுரக்கூட்டுகளைத் திடீரென முழக்கி, பித்தளை ஊதுகருவிகள் ஒருங்கே ஒலிப்பதுபோன்ற தோற்றத்தை உண்டாக்குவது இவரது நடை. 1955இல் பேசியின் குழுவினர் பதித்துப் புகழ்பெற்ற ‘ஏப்பிரில் இன் பாரிஸ்’ என்பதன் இசையமைப்பும் இவருடையதே. இவரைப் பொறுத்தவரை ஓர்கன் ஒரு முழு வாத்தியக் குழுவாயிற்று.

டேவிஸின் வாசிப்பால் உந்தப்பட்டவர், பென்சில்வேனியா மாநிலத்து நொறிஸ்ரவுனைச் சேர்ந்த ஜிம்மி சிமித். பிலடெல்பியாவில் பியானோவும் பெரும் நரம்புக் கருவியான பாஸும் பயின்ற இவர், ஓர்கனொன்றை வாங்கிப் பண்டகசாலையொன்றில் வைத்து, மிதிகட்டைகளின் வரைபடத்தைச் சுவரில் எழுதிக்கொண்டு தனியே பயின்றார். 1956இல் புளூ நோற் நிறுவனம் இவரது முதல் இசைத்தட்டை வெளியிட்டது. அன்றுதொட்டு ஜாஸ் ஓர்கனின் இலக்கணம் மாறிற்று. தாம் பின்பற்றியது ஓர்கன் வாசிப்போரையன்று, சக்சபோன் முதலிய ஊதுகருவியாளரையே என்பது சிமித்தின் கொள்கை. முதல் மூன்று இழுகோல்களை மட்டும் முற்றாக இழுத்து, கருவியிற் புதிதாகச் சேர்க்கப்பட்டிருந்த தட்டொலி அமைப்பையும் கூட்டி, வலக்கையால் ஒற்றைச் சுரவரிசைகளை விரைந்து பொழிந்தார். இடக்கை மந்தரசுரங்களில் நடைபயில, இடக்கால் மிதிகட்டையை இலேசாகத் தட்டி அச்சுரங்களுக்கு அழுத்தங் கொடுத்தது; வலக்கால் ஒலியை ஏற்றியும் இறக்கியும் நின்றது. நம்மவர் மனோதர்மம் என வழங்கும் உடனிகழ் கற்பனை, இங்கு ஒரே உடலின் நான்கு உறுப்புகளிலும் ஒருங்கே நிகழ்ந்தது.

1958இல் இவர் பதித்த ‘த சேர்மன்’ என்னும் இசை, ஏறத்தாழ இருபது நிமிடம் நீள்வது. அதன் பெயர்க்குச் சமயப் பிரசங்கம் என்பது பொருள். அப்பெயர் தற்செயலானதன்று. குழல் ஓர்கன் வாங்க வசதியற்ற கறுப்பினத் தேவாலயங்கள் பலவற்றில் ஹமண்ட் ஓர்கனே ஒலித்தது. ஞாயிறு காலையில் ஆலயத்திற் கேட்ட அதே குரலைச் சனி இரவில் அரங்கிலும் மக்கள் கேட்டனர். போதகரின் குரலுக்குச் சபையோர் மறுமொழி கூறும் முறையே, ஓர்கனுக்கும் கிற்றாருக்கும் இடையிலான உரையாடலாயிற்று. இப்பின்னணியை மறந்தோர்க்கு அவ்விசை வெறும் விரல்வேகமாகவே தோன்றும்.

சிமித்தின் வழியே பலர் சென்றனர். எனினும் எல்லாரும் அவரது நிழலாகவில்லை. பிலடெல்பியாவில் 1934இல் பிறந்த ஷேர்லி ஸ்கொற், இலேசான தொடுகையும் அளவறிந்த மௌனமும் கொண்டவர். எடி ‘லொக்ஜோ’ டேவிஸ், ஸ்ரான்லி ரறன்ரைன் ஆகிய சக்சபோன் வித்துவான்களோடு வாசிக்கையில், அவர்தம் வாக்கியம் முடியுமட்டும் காத்திருந்து விடைபகர்வார். மந்தரசுரங்களைப் பல பதிவுகளிற் பாஸ் வாசிப்பவரிடமே ஒப்படைத்தார். அதனால் அவருடைய இடக்கை சுமை நீங்கியது. அதே நகரினரான ஜிம்மி மக்கிரிவ், தேவாலய இசையையும் புளூஸையும் விட்டகலாதவர்; 1962இல் வந்த ‘ஐவ் கொற் எ வுமன்’ அவருக்குப் பெரும்புகழ் ஈட்டியது. ஜாக் மக்டவ் குழுவினரின் கட்டுக்கோப்பான கூட்டிசையை விரும்பினார். கிற்றார்க் கலைஞர் ஜோர்ச் பென்சன் இளமையிற் பயின்றது அவரது குழுவிலேதான்.

இவர்கள் யாவரினும் வேறுபட்டவர் நியூவார்க் நகரினரான லறி யங். 1940இல் பிறந்த இவர், ஜோன் கோல்றேன் காட்டிய புதுநெறியை ஓர்கனிற் கொணர்ந்தார். வழக்கமான சுரக்கூட்டுகளை விடுத்து, நான்காஞ் சுர இடைவெளிகளை அடுக்கி, தொனியை மென்மையாக்கி, பரந்தவெளியிற் சஞ்சரிப்பதுபோன்ற இசையை ஆக்கினார். 1965இல் பதிவான ‘யூனிற்றி’ இதற்குத் தக்க சான்று. அதிற் கிற்றார் இல்லை. எக்காளம், சக்சபோன், முரசு என்பனவே உடன் ஒலித்தன. முப்பத்தேழாம் வயதில், 1978இல், அவர் மறைந்தமை இக்கலைக்கு நேர்ந்த பேரிழப்பாகும்.

எழுபதுகளில் மின்பியானோவும் மின்னணுத் தொகுப்பிசைக் கருவியும் பரவின. மிதிகட்டை முதலியவற்றோடு நானூறு இறாத்தலுக்கு மேல் நிறையுள்ள ஓர்கனை அரங்குக்கு அரங்கு சுமப்பார் அருகினர். சில்லுகளாலான ஓர்கன் செய்வதை ஹமண்ட் நிறுவனம் 1975 அளவில் நிறுத்தியது. ஆயினும் மரபு அறவில்லை. 1971இல் பிறந்து, ஓர்கன் கலைஞரான தந்தையிடமே பயின்ற ஜோய் டிபிறான்செஸ்கோ, எண்பதுகளின் இறுதியில் மைல்ஸ் டேவிஸின் குழுவோடு பயணஞ் செய்து, இளையோரை மீண்டும் ஓர்கன்பால் ஈர்த்தார். சிமித் மறைந்த 2005ஆம் ஆண்டில், இருவரும் சேர்ந்து வாசித்த இசைத்தட்டு வெளிவந்தது. டிபிறான்செஸ்கோவும் 2022இல் மறைந்தார். அவரைக் கேட்டு வளர்ந்தோர் அக்கருவியை இன்றும் வாசிக்கின்றனர்.

இவ்விசையைச் சுவைக்க விரும்புவோர் முதலில் வலக்கையின் வேகத்தில் மயங்காது, இடக்கையின் மந்தரநடையைத் தொடர்ந்து கேட்டல் வேண்டும். பின்னர், இழுகோல்களால் தொனி மாறும் இடங்களையும், சுழலொலி விரைவும் மந்தமும் அடையும் இடங்களையும் உற்றுநோக்கல் வேண்டும். ஈற்றில், எங்கே கலைஞர் வாசியாது நிற்கின்றார் என்பதைக் கவனித்தல் வேண்டும். காற்றுத் தீராத கருவியில் ஓய்வு என்பது கலைஞன் தானே தேர்வது. அதனைத் தேர்ந்த முறையிலேயே டேவிஸும் சிமித்தும் ஸ்கொற்றும் யங்கும் தம்முள் வேறுபடுவர்.

ஆணைக்குழுவின் முன்னே எழுந்த வினா, இக்கருவி குழல் ஓர்கனுக்கு நிகராகுமா என்பது. மேற்கூறிய கலைஞர்கள் அவ்வினாவையே பொருட்படுத்தவில்லை. பிறிதொன்றைப்போல ஒலிக்குமாறு அதனை வற்புறுத்தாது, அதன் பழுதையும் சேர்த்துக் கேட்டனர். கேட்டதனால், அதற்குரிய குரலைக் கண்டனர்.