பச்சிளங்குழந்தைகளுக்கு நுண்துளை மார்பு அறுவை சிகிச்சை: மயக்க மருந்து குறித்துப் பெற்றோர் அறிய வேண்டியவை

உணவுக்குழாய் அடைப்பு, உதரவிதானத் துளை, நுரையீரல் நீர்க்கட்டி முதலிய பிறவிக் குறைபாடுகளைச் சில மில்லிமீட்டர் அளவிலான துளைகள் வழியாகக் கேமராவின் உதவியுடன் சரிசெய்ய இயலும். பெரிய கீறல் தவிர்க்கப்படுவதால் வலியும் தழும்பும் குறையும். எனினும், துளை சிறியது என்பதால் மயக்க மருந்து அளிப்பதும் எளிது எனக் கருதலாகாது.

மயக்க மருந்து அளிப்பதில் உள்ள சவால் என்ன?

கருவிகள் இயங்க இடம் ஏற்படுத்துவதற்காக மார்புக்குள் கரியமில வாயு குறைந்த அழுத்தத்தில் செலுத்தப்படும். இதனால் ஒரு பக்க நுரையீரல் சுருங்கும். சுவாசப் பணியின் பெரும்பகுதியை மறுபக்க நுரையீரல் ஏற்கும். வாயுவின் ஒரு பகுதி இரத்தத்திலும் கலக்கும். எடைக்கு ஏற்பக் கணக்கிட்டால், கைக்குழந்தைக்குப் பெரியவர்களைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு ஆக்சிஜன் தேவை. ஆகவே ஆக்சிஜன் அளவு விரைவில் குறையக்கூடும். குறைமாதத்தில் பிறந்த, எடை குறைந்த அல்லது இதயக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு இந்த அபாயம் அதிகம்.

குழந்தை எவ்வாறு பாதுகாக்கப்படுகிறது?

மூச்சுக்குழாயில் பொருத்தப்பட்ட குழாய் வழியாகச் செயற்கை சுவாசம் அளிக்கப்படும். ஆக்சிஜன், கரியமில வாயு, இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், உடல் வெப்பம் ஆகியவற்றை மயக்கவியல் மருத்துவர் இடைவிடாது கண்காணிப்பார். அளவுகள் தாழ்ந்தால் சிகிச்சை நிறுத்தப்பட்டு, வாயு வெளியேற்றப்பட்டு, நுரையீரல் மீண்டும் விரிக்கப்படும். அதன் பின்னரும் நிலை சீராகாவிடில், மார்பைத் திறந்து செய்யும் முறைக்கு மாற்றப்படலாம். இம்மாற்றம் குழந்தையின் பாதுகாப்பிற்காகவே செய்யப்படுகிறது. ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடும் முன்னரே இதுபற்றி மருத்துவரிடம் கேட்டறியவும்.

மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டியவை

• குழந்தை பிறந்த கர்ப்ப வாரம், பிறப்பு எடை
• மூச்சு நின்றுபோன நிகழ்வுகள்
• அண்மையில் ஏற்பட்ட சளி, காய்ச்சல்
• தற்போது அளிக்கப்படும் மருந்துகள், ஒவ்வாமை
• குடும்பத்தில் எவருக்கேனும் மயக்க மருந்தினால் நேர்ந்த பாதிப்பு

வாய்வழி உணவு அருந்தும் குழந்தைக்குப் பொதுவாகத் தாய்ப்பால் 4 மணி நேரத்திற்கு முன்னும், பால்மாவு 6 மணி நேரத்திற்கு முன்னும் நிறுத்தப்படும். உங்கள் மருத்துவமனை குறிப்பிடும் நேரத்தையே பின்பற்றவும்.

சிகிச்சைக்குப் பின்

சில குழந்தைகளுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கை சுவாசம் தொடரலாம். குறைமாதக் குழந்தைகளுக்கு மயக்கம் தெளிந்த பின்னரும் மூச்சு திடீரென நின்றுபோகும் வாய்ப்பு உண்டு. எனவே, குழந்தை நலமாகக் காணப்பட்டாலும் மருத்துவர் கூறும் வரை கண்காணிப்பில் இருத்தல் அவசியம்.

வீடு திரும்பிய பின் மூச்சு வாங்குதல், விலா உள்வாங்குதல், உதடு நீலமாதல், பால் குடிக்க மறுத்தல், காய்ச்சல் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் உடனடியாக மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும்.