விசை யார் கையில்? பசிபிக் தீவு நாடுகளில் சிற்றலை வானொலிச் செய்தி (1939–2024)

திறவுச்சொற்கள்: சிற்றலை, பண்பலை, ஆஸ்திரேலிய வானொலி, ஃபிஜி, தணிக்கை, பசிபிக் தீவுகள்.

முன்னுரை

2017 சனவரி 31ஆம் நாள் ஆஸ்திரேலிய வானொலி தனது சிற்றலை ஒலிபரப்பை நிறுத்தியது. இதனால் ஆண்டுக்கு 19 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் மிச்சமாகும் என்று அதன் தலைமை நிறுவனமான ஏபிசி அறிவித்தது. பண்பலையும் இணையமும் கைப்பேசியும் சிற்றலையின் இடத்தைப் பிடித்துவிட்டன என்பது அந்நிறுவனத்தின் வாதம். ஏறத்தாழ எண்பது தீவுகளாகச் சிதறிக் கிடக்கும் வனுவாட்டுவின் தலைமையமைச்சர் சார்லோட் சல்வாய் அம்முடிவு குறித்து வெளிப்படையாகக் கவலை தெரிவித்தார். தீவுகளின் அரசியலையும் சமூகத்தையும் விளையாட்டையும் தீவு மக்களுக்கே எடுத்துரைத்த செய்தியை நிறுத்தும் அதிகாரம் எவரிடம் இருந்தது என்ற வினாவை இந்நிகழ்வு எழுப்புகிறது. ஒலிபரப்பி எந்த மண்ணில் நின்றது என்பதிலேயே அதற்கான விடை அடங்கியுள்ளது என இக்கட்டுரை கருதுகிறது.

போரில் பிறந்த அலைவரிசைகள்

இவ்வொலிபரப்புகள் தீவு மக்களின் தேவைக்காகத் தோன்றியவை அல்ல. ஆஸ்திரேலியாவின் அயலக ஒலிபரப்பு 1939 திசம்பரில் தலைமையமைச்சர் மென்சீசின் உரையுடன் தொடங்கியபோது அதன் நோக்கம் போர்க்காலப் பரப்புரை. நியூசிலாந்து 1948இல் தொடங்கிய சிற்றலைச் சேவை, அமெரிக்கப் படையினர் விட்டுச்சென்ற ஒலிபரப்பிகளைப் பயன்படுத்தியது. ஆக்லாந்து காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளையொட்டி 1990இல் ரங்கிடைக்கியில் 100 கிலோவாட் ஒலிபரப்பி இயங்கத் தொடங்கிய பின்னரே அச்சேவை வலுப்பெற்றது.

காலப்போக்கில் உள்ளடக்கம் மாறியது. 'பசிபிக் பீட்', 'டேட்லைன் பசிபிக்' போன்ற நிகழ்ச்சிகள் ஒரு தீவின் தேர்தலை, நிலத் தகராற்றை, ரக்பி ஆட்டத்தை மற்றொரு தீவின் செவிக்குக் கொண்டு சென்றன. சுவா நகரத்துச் செய்தி மெல்பர்ன் வழியாகவோ வெலிங்டன் வழியாகவோ ஹொனியாராவை அடைந்தது. விளையாட்டை இதில் துணுக்குச் செய்தியாகக் கொள்வது பொருந்தாது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் எழுவர் ரக்பியில் பிரிட்டனை 43–7 என வென்று ஃபிஜி பெற்ற தங்கமே அந்நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கம்.

ஃபிஜி, 2009

2006 இராணுவப் புரட்சியின்வழி அமைந்த பைனிமராமா அரசு சட்டத்திற்குப் புறம்பானது என 2009 ஏப்ரல் 9 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுநாளே குடியரசுத் தலைவர் இலொய்லோ அரசமைப்பை நீக்கினார். நெருக்கடிநிலை விதிகளின்கீழ்ச் செய்தியறைகளுக்குள் தணிக்கையாளர்கள் நுழைந்தனர். 'ஃபிஜி டைம்ஸ்' தணிக்கைக்குள்ளான பகுதிகளை வெற்றிடமாக விட்டு வெளிவந்தது. ஏபிசியின் பசிபிக் செய்தியாளர் ஷான் டோர்னி நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்.

ஆஸ்திரேலிய வானொலியின் பண்பலை அஞ்சல் நிலையங்களும் மூடப்பட்டன. அவை ஃபிஜி மண்ணில் இருந்தன. மூடுவதற்கு ஓர் ஆணை போதுமானதாக இருந்தது. ஆஸ்திரேலியாவின் ஷெப்பர்ட்டனிலிருந்து அயனி மண்டலத்தில் எதிரொலித்து வந்த சிற்றலையோ அவ்வாணைக்குக் கட்டுப்படவில்லை. செய்தித்தாளில் வெள்ளையாக விடப்பட்டதைச் சிற்றலைப் பெட்டி வைத்திருந்தவர் கேட்க முடிந்தது. எட்டு ஆண்டுகளுக்குப் பின் சிற்றலைக்கு மாற்றாக ஏபிசி முன்வைத்தது, இவ்வாறு எளிதில் அணைக்கப்பட்ட அதே பண்பலையை என்பது கவனிக்கத்தக்கது.

எனினும் வெளியிலிருந்து வரும் குரல் நடுநிலையானது என்று கொள்ள இடமில்லை. அது மற்றோர் அரசின் பணத்தில் இயங்கிய குரல். ஆஸ்திரேலிய ஊடகங்கள் தம் உள்நாட்டு அரசியலில் தலையிடுகின்றன என்ற ஃபிஜி ஆட்சியாளரின் குற்றச்சாட்டு தன்னலம் சார்ந்ததே. ஆயினும் முற்றிலும் அடிப்படையற்றது என ஒதுக்கிவிட முடியாது.

புயலும் எரிமலையும்

2015 மார்ச்சில் பாம் புயல் வனுவாட்டுவைத் தாக்கியது. இத்தகைய பேரிடர்களில் முதலில் சாய்பவை உள்ளூர்க் கோபுரங்களே. 2022 சனவரி 15 அன்று ஹுங்கா டோங்கா எரிமலை வெடித்தபோது டோங்காவை வெளியுலகோடு இணைத்த கடலடி வடம் அறுந்தது. முதன்மை வடத்தைச் சீராக்க ஏறத்தாழ ஐந்து வாரங்கள் ஆயின. அந்நாட்களில் நியூசிலாந்தின் சிற்றலைக்கு வடமும் தேவைப்படவில்லை, தீவில் கோபுரமும் தேவைப்படவில்லை. கேட்பவரிடம் மின்கலத்தில் இயங்கும் பெட்டி இருந்தால் போதும்.

2017க்குப் பின்

சிற்றலையை மீட்க ஆஸ்திரேலிய மேலவையில் நிக் செனஃபோன் கொண்டுவந்த மசோதா சட்டமாகவில்லை. கைவிடப்பட்ட அலைவரிசைகள் சிலவற்றைச் சீனப் பன்னாட்டு வானொலி பயன்படுத்துவதாக 2018இல் செய்திகள் வெளியாயின. கான்பெராவில் இவ்விவாதம் சூடுபிடித்ததற்குத் தீவு நேயர்களின் முறையீட்டைவிட இச்செய்தியே பெரிதும் காரணமாயிற்று எனத் தோன்றுகிறது.

நியூசிலாந்து வேறு வழியில் சென்றது. பழைய ஒலிபரப்பிக்கு மாற்றாகப் புதியது ஒன்று 2024இல் செயல்படத் தொடங்கியது. அதுவும் ரங்கிடைக்கியிலேயே நிற்கிறது. அதற்கான 44 இலட்சம் நியூசிலாந்து டாலரை ஒதுக்கியதும் வெலிங்டனே.