சுடாத ஒளியின் கதை

மல்லசமுத்திரத்துத் தெருக்களில் விசைத்தறியின் ஓசை இரவும் பகலும் ஓய்வதில்லை. அவ்வோசைக்குள்ளேயே முப்பது ஆண்டுகளாக நின்று, தார் மாற்றி, அறுந்த இழைகளைப் பிணைத்துவரும் எங்கள் அத்தையின் முழங்கால்கள் இப்போது படியேற மறுக்கின்றன. ஒற்றடம், வேது, பற்று எனப் பாட்டி காலத்து வைத்தியங்கள் அனைத்தும் பார்த்தாயிற்று. மருந்துக்கடை மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கியதுதான் மிச்சம். 'கரண்ட்' வைத்தும் பார்த்தார். இறுதியில் ஓர் இயன்முறை மருத்துவ நிலையத்தில் பத்து நாள் 'லேசர்' வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். துணைக்குச் சென்றோம். தடித்த பேனாவைப் போன்ற ஒரு கருவியை முழங்காலைச் சுற்றிச் சிறிது நேரம் வைத்து எடுத்தார்கள், அவ்வளவே. வெளியே வந்ததும் அத்தை கேட்டார்: "ஏஞ்சாமி, சுடவும் இல்ல, குத்தவும் இல்ல. இதுல என்ன வைத்தியம் இருக்குது?"

தமிழ் படித்தவரிடம் கேட்கத்தக்க கேள்வியன்று இது. ஆயினும் அவர் கொடுப்பது பத்து நாள் கூலி. விடை தேடப் புகுந்தோம். எதிர்பாராத ஒரு வரலாறு கிடைத்தது.

ஒளியால் நோய் தீர்க்கும் முயற்சி லேசருக்கு மூத்தது. டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் ஃபின்சன், தோலில் வரும் காசநோய்க்குக் கார்பன் விளக்கின் ஒளியைக் குவித்துப் பாய்ச்சிக் குணம் கண்டு, 1903 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றார். லேசருக்கான கருத்து விதையை ஐன்ஸ்டைன் 1917 இல் ஊன்றினார். எனினும் முதல் லேசர் ஒளிர்ந்தது 1960 மே 16 அன்று, கலிபோர்னியாவில், தியோடர் மைமன் என்பவரின் கையில். ஒரு செம்மணிக்கல் தண்டுதான் அதன் உயிர். செய்தித்தாள்கள் அதை 'மரணக் கதிர்' என்று வருணித்தன. (லேசர் என்பது ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்துக் கட்டிய பெயர். தமிழில் 'சீரொளி' என ஓர் அழகிய ஆக்கம் உண்டு. பாடநூலைத் தாண்டி அது வெளியே வரவில்லை என்பதில் நமக்குச் சிறு வருத்தம்.)

மரணக் கதிர் எனப்பட்டது மருந்தான கதை புடாபெஸ்ட் நகரில் நிகழ்ந்தது. அங்கு அறுவை மருத்துவராக இருந்தவர் எந்த்ரே மெஸ்டர். அமெரிக்காவின் பாஸ்டனில் பால் மெக்கஃப் என்பார் செம்மணி லேசரால் கட்டிகளை அழித்ததாக வந்த செய்தியைக் கேட்டு, அதையே தாமும் செய்து பார்க்க மெஸ்டர் முயன்றார் என்பர் ஒரு சாரார். லேசர் புற்றுநோயை உண்டாக்குமோ என்று சோதித்தார் என்பர் மறு சாரார். எதுவாயினும், 1967 இல் அவர் எலிகளின் முதுகை மழித்து, ஒரு பாதிக்கு மட்டும் ஒளி பாய்ச்சினார். அவரிடம் இருந்த கருவியின் ஆற்றலோ மிகக் குறைவு. கட்டியும் அழியவில்லை, புற்றும் வரவில்லை. ஆனால் ஒளிபட்ட எலிகளுக்கு மயிர் விரைந்து வளர்ந்தது! வேறொருவராயின் தோற்ற ஆய்வென்று மூட்டை கட்டியிருப்பார். மெஸ்டர் அதைப் பற்றிக்கொண்டு, ஆறாத புண்களின்பால் திரும்பினார். வலிக்கும் வீக்கத்துக்கும் இன்று வைக்கப்படும் மென்லேசர்கள் யாவும் அந்த எலிகளின் வழிவந்தவையே.

அறுவைக்கு உதவும் லேசர் திசுவைச் சுட்டு வெட்டும். இதுவோ பெரும்பாலும் அரை வாட்டுக்கும் குறைந்த ஆற்றலுடையது. ஆகவேதான் அத்தைக்குச் சுடவில்லை. சிவப்பு ஒளியையும் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியையும் உயிரணுவின் ஆற்றற்கூடமாகிய மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு நொதி உறிஞ்சிக்கொள்கிறது என்றும், அதனால் அழற்சி தணிகிறது என்றும் கூறுவர். சோவியத் ஆய்வாளர் தீனா கரு இக்கருத்தை வலியுறுத்தியவர். இதில் இன்றும் வாதம் உண்டு.

நம் நாட்டுப் பங்கும் சிறிதன்று. கர்நாடகத்தின் மணிப்பால் மருத்துவர்கள், வாய்ப்புற்றுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுவோரின் வாய்ப்புண்ணுக்கு ஹீலியம்-நியான் லேசரைப் பயன்படுத்தி 2006 இல் ஆய்வு வெளியிட்டனர். 2012 இல் 221 நோயாளிகளைக் கொண்டு மீண்டும் சோதித்தனர். வலியும் புண்ணின் கடுமையும் குறைந்தன. இத்துறையில் ஐயத்துக்கு மிகக் குறைவாகவே இடமுள்ள பயன் இதுதான். உலக வழிகாட்டு நெறிகளும் ஏற்றுக்கொண்டுள்ளன. புகையிலையை அடக்கிக்கொண்டு இரவுத் தறி ஓட்டும் நம் பகுதியினர் அறிந்திருக்க வேண்டிய செய்தி. முழங்காலைவிட இதற்காகவே இக்கருவி நம் மாவட்ட மருத்துவமனைகளுக்கு வந்தாக வேண்டும் என்று தோன்றுகிறது.

மூட்டுவலிக்கு வருவோம். கழுத்துவலி பற்றிய 16 ஆய்வுகளைத் தொகுத்து 2009 இல் 'லான்செட்' இதழ் வெளியிட்ட கட்டுரை, பயன் உண்டு என்றது. இடுப்புவலிக்குப் போதிய சான்று இல்லை என 2008 இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பு கைவிரித்தது. முழங்கால் தேய்மானம் குறித்த ஆய்வுகள் நெடுங்காலம் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டே இருந்தன. 2019 இல் 22 ஆய்வுகளை ஆராய்ந்தவர்கள் கண்டது முதன்மையானது: உரிய அளவில் ஒளி கொடுத்த ஆய்வுகளில் வலி குறைந்திருக்கிறது, அளவு குறைந்த ஆய்வுகளில் குறிப்பிடத்தக்க பயன் இல்லை. அளவு மிகுந்தாலும் பயன் கெடும் என்பது இத்துறையின் பழைய பாடம். மருந்துக்கு மில்லிகிராம் போல ஒளிக்கு ஜூல். ஒளியின் அலைநீளமும் தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் அந்நிலையத்தில் இவ்விரண்டையும் கேட்டோம். கருவியை இயக்கிய இளைஞர் நம்மை வியப்போடு பார்த்து, "அதெல்லாம் மெஷின்லயே செட் பண்ணியிருக்குங்க சார்" என்றார். மாத்திரையின் அளவைச் சொல்லாத மருந்துக்கடையை ஏற்போமா? அவர்மேல் குற்றமில்லை, யாரும் கேட்டதில்லை போலும். கருவியின் பின்புறம் ஒட்டியிருந்த சீட்டில் அலைநீளம் மட்டும் அச்சாகியிருந்தது, 808 நானோமீட்டர். ஒரு புள்ளிக்கு எத்தனை ஜூல் என்பதைக் கையேட்டில் பார்த்துச் சொல்வதாகக் கூறினார்.

அத்தை பத்து நாளும் சென்று வந்தார். படியேறுவது இன்னும் கடினமே. இரவில் மட்டும் நன்றாகத் தூக்கம் வருகிறது என்கிறார். அது ஒளி செய்த வேலையா, பத்து நாள் தறிப்பக்கம் போகாமல் இருந்ததாலா என்று அவருக்கே ஐயமாக இருக்கிறது.