தானே முடியும் வேலை: ஏ.டி.எச்.டி. உள்ள பெரியவர்களின் பொழுதுபோக்கு குறித்து

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோயறி கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாட்டின் (ஏ.டி.எச்.டி.) அறிகுறிகளை இரண்டு பட்டியல்களாகத் தருகிறது, பட்டியலுக்கு ஒன்பது. மிகையியக்கப் பட்டியலில் பலரும் தாண்டிப் போகும் ஓர் அறிகுறி உண்டு: ஓய்வுநேரச் செயல்களில் சத்தமின்றி ஈடுபட இயலாமை. இதைப் படித்த பிறகு, இக்குறைபாடுள்ள பெரியவர்களுக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் புத்திமதி விநோதமாகப் படுகிறது. புத்தகம் படியுங்கள், கண்மூடி உட்காருங்கள், மெல்லிசை கேளுங்கள் என்கிறோம். எது முடியவில்லை என்று ஒருவர் வந்து நிற்கிறாரோ, அதையே மருந்துச் சீட்டில் எழுதித் தருகிறோம்.

அமைதி தரும் பொழுதுபோக்கு என ஒரு தனி இனம் கிடையாது என்பது என் வாதம். ஒரு செயல் இவர்களை அமைதிப்படுத்துமா என்பதை அதன் அமைப்பே தீர்மானிக்கிறது. அந்த அமைப்பில் உடலசைவு, உடனடிப் பலன் ஆகிய இரண்டைப் பற்றி நிறையவே எழுதியாயிற்று. அச்செயல் எப்படி முடிகிறது என்பதைத்தான் யாரும் போதிய அளவு கவனிக்கவில்லை.

உடலசைவை முதலில் பார்த்துவிடலாம். மார்க் ராப்போர்ட் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், இக்குறைபாடுள்ள 8 முதல் 12 வயதுச் சிறுவர்கள் அதிகம் அசைந்தபோது அவர்களின் செயல்நினைவு மேம்பட்டது. குறைபாடில்லாச் சிறுவர்களிடம் நிலைமை நேர்மாறு. சிறுவர் ஆய்வை அப்படியே பெரியவருக்குப் பொருத்த முடியாதுதான். ஆனால் கைகாலை அடக்கினால் மனம் அடங்கும் என்ற பழைய நம்பிக்கையை அது நன்றாகவே அசைத்துவிட்டது. பலன் குறித்து நோரா வோல்கோவ் குழுவின் 2009ஆம் ஆண்டு ஆய்வு இருக்கிறது. மருந்தெடுக்காத 53 பெரியவர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்ததில், வெகுமதியை உணரும் பாதையில் டோபமைன் குறியீடுகள் குறைந்திருந்தன. ஆறு மாதம் கழித்துக் கிடைக்கப்போகும் பாராட்டு இவர்களை இழுக்காது. இப்போதே தெரியும் விளைவு இழுக்கும்.

மண்பாண்டம் வனைவதை இந்த இரண்டு நோக்கிலும் எடைபோடலாம். சக்கரத்தில் களிமண் நடுவிலிருந்து சற்று விலகினாலும் விரல்களுக்கு உடனே தெரிந்துவிடும். இரண்டு கைகளும் வேலையில் இருக்கும். போதாக்குறைக்குச் சேறு அப்பிய கையால் செல்பேசியைத் தொட முடியாது. கவனச் சிதறலுக்கு எதிரான எத்தனையோ செயலிகளைவிட இந்தச் சேற்றின் மீது எனக்கு நம்பிக்கை அதிகம். குரோஷாப் பின்னலில் இன்னொரு நன்மை. பாதியில் விட்டுப் போனாலும், எங்கே விட்டோம் என்பதைப் பின்னலே காட்டும். நினைவில் சுமக்க வேண்டியதைப் புறப்பொருளில் ஏற்றிவைக்க வேண்டும் என உளவியலாளர் ரஸல் பார்க்லி பல்லாண்டுகளாக வலியுறுத்தி வருவது இங்கே முயற்சியில்லாமலே நடக்கிறது.

இதுவரை சொன்னவற்றோடு நின்றால் ஒரு வலுவான மறுப்பு எழும். உடனடி விளைவு, தெளிவான இலக்கு, திறனுக்கேற்ற சவால் ஆகியவை ஒன்றுகூடினால் மனம் ஒன்றும் என்றார் உளவியலாளர் சிக்சென்ட்மிஹாய். 1975ஆம் ஆண்டு நூலில் அவர் மலையேறுபவர்களையும் சதுரங்க ஆட்டக்காரர்களையும் வைத்து இதைக் காட்டினார். ஆனால் இந்த நிபந்தனைகளைக் கணினி விளையாட்டைப் போலக் கச்சிதமாக நிறைவேற்றுவது வேறெதுவும் இல்லை. அதற்கு அடிமையாவதைத்தான் உலகச் சுகாதார நிறுவனம் தன் நோய்வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில் ஒரு கோளாறாகவே சேர்த்தது. இக்குறைபாட்டின் அறிகுறிகள் மிகுந்தவர்களிடம் மிகைக்குவிப்பும், அதாவது ஒன்றிலேயே மூழ்கிவிடும் போக்கும், மிகுந்திருக்கிறது என்று 2019இல் ஹப்ஃபெல்டும் சகஆய்வாளர்களும் காட்டினர். ஒன்றில் மூழ்கினால் பசி தெரியாது, மணி தெரியாது. அதைக் கவனம் என்று பாராட்டுவதற்கில்லை. கவனத்தை விலக்கிக்கொள்வதும் கவனத் திறனின் ஒரு பகுதியே.

செயலின் முடிவைப் பற்றிப் பேச வேண்டியிருப்பது இதனால்தான். சில செயல்களின் முடிவு அவற்றின் பொருளிலேயே இருக்கிறது: களிமண் காய்கிறது, நீந்துபவருக்கு மூச்சு வாங்குகிறது, தோட்டத்தில் வெளிச்சம் போய்விடுகிறது. நிறுத்தும் பொறுப்பு மன உறுதியின் தலையில் விழுவதில்லை. விளையாட்டிலோ அடுத்த கட்டம் எப்போதும் காத்திருக்கிறது.

ஒரே இழையில் போடும் சிக்குக் கோலத்தை இந்த வகையில் மிகச் சிறந்ததாகக் கருதுகிறேன். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970களிலேயே கோலத்தைக் கணினியியலின் பட இலக்கணங்களோடு இணைத்து ஆராயும் அளவுக்கு அது விதிகளால் ஆனது. ஒரு வளைவு தவறினால் அடுத்த புள்ளியிலேயே சிக்கல் தெரிந்துவிடும். உட்கார்ந்தும் எழுந்தும் நகர்ந்தும்தான் போட வேண்டும். இழை தொடங்கிய இடத்தில் கூடியதும் வேலை முடிந்தது. மறுநாள் காலை வாசல் கூட்டும்போது அதுவும் போய்விடும். இந்தக் கடைசிக் கூறு பெரியவர்களுக்கு முக்கியமானது. பாதியில் நின்ற கம்பளிச் சட்டை, ஒரு மாதம் மட்டும் வாசித்த கித்தார், பிரிக்காத வண்ணப்பெட்டி எனப் பலர் வீட்டு அலமாரியே குற்றப்பத்திரிகை வாசிக்கிறது. கோலம் எந்தப் பாக்கியும் வைப்பதில்லை.

இவை எதுவும் மருந்துக்கோ உளச்சிகிச்சைக்கோ மாற்றில்லை. அப்படி எடுத்துக்கொள்பவர்களோடு எனக்கு உடன்பாடும் இல்லை. ஆனால் இத்துறையின் ஆய்வுகள் இசை நல்லதா, ஓவியம் நல்லதா என்று பெயர்வாரியாகக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. ஒரே செயலை இரண்டு விதமாக அமைத்துச் சோதிக்கலாம்: ஒரு குழுவுக்கு எடை போட்ட ஓர் உருண்டை களிமண், இன்னொரு குழுவுக்கு எடுக்க எடுக்கக் குறையாத குவியல். அன்றிரவு யார் நேரத்துக்கு உறங்கினார்கள், மறுவாரம் யார் திரும்பி வந்தார்கள் என்று குறித்தால், முடிவெல்லைக்கு நான் கொடுக்கும் முக்கியத்துவம் சரியா என்பது தெரிந்துவிடும்.