விலக முடியாத காப்பீடு: புதுக்கோட்டை மாவட்ட அரசு ஊழியரும் சந்தாப் பிடித்தமும்

பணி வழங்குவோர் ஏற்பாடு செய்யும் மருத்துவக் காப்பீட்டை ஊழியர் ஒருவர் தமக்கு வேண்டாம் என்று மறுக்க முடியுமா என்ற வினாவுக்கு, அந்தக் காப்பீடு எதன் மேல் நிற்கிறது என்பதைப் பொறுத்தே விடை அமையும். தனியார் நிறுவனம் தன் விருப்பத்தின் பேரில் எடுத்துத் தரும் குழுக் காப்பீடு ஒப்பந்தத்தின் மேல் நிற்பதால், அதை ஏற்பதும் மறுப்பதும் அந்த ஒப்பந்தத்துக்கு உட்பட்டவை. மாதம் ரூ.21,000 வரை ஊதியம் பெறும் தொழிலாளருக்கான ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீடு 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்தது, ஊதியத்தில் 0.75 விழுக்காட்டைத் தொழிலாளரும் 3.25 விழுக்காட்டை நிர்வாகமும் செலுத்தும் அந்த ஏற்பாட்டில், தொழிலாளர் ஒருவர் விலகல் கடிதம் எழுதிக் கொடுப்பதற்கு இடமில்லை. தமிழ்நாடு அரசு ஊழியருக்கும் ஆசிரியருக்குமான புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அரசாணையின் மேல் நின்று, சம்பளப் பட்டியலின் பிடித்தங்களில் ஒன்றாகவே இயங்குகிறது. பெரிய ஆலைகள் அதிகம் இல்லாத, நிலையான மாதச் சம்பளம் என்றால் பெரும்பாலும் அரசுச் சம்பளத்தையே குறிக்கும் புதுக்கோட்டை மாவட்டத்தில் இந்த மூன்றாம் வகையே மிகுதியான குடும்பங்களைத் தொடுவதால், அதுவே இங்கு ஆய்வுக்கு உரியது.

2008இல் தொடங்கிய முதல் திட்டத்தில் ஊழியரிடம் மாதம் ரூ.25 பிடிக்கப்பட்டது, நான்கு ஆண்டுகளுக்கு ஒரு குடும்பத்துக்கு ரூ.2 லட்சம் வரை பாதுகாப்பு இருந்தது. 2012இல் பொதுத்துறை நிறுவனமான யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் வழியாகப் பிடித்தம் ரூ.150 ஆகவும் பாதுகாப்பு ரூ.4 லட்சமாகவும் உயர்ந்தன. 2016இல் ரூ.180 ஆன பிடித்தம், 2021 ஜூலை 1 முதல் நான்காண்டுக்கென வந்த திட்டத்தில் ரூ.300 ஆயிற்று, பாதுகாப்பு ரூ.5 லட்சமாகவும், புற்றுநோய், உறுப்பு மாற்று போன்ற குறிப்பிட்ட சிகிச்சைகளுக்கு ரூ.10 லட்சமாகவும் விரிந்தது. ஓய்வூதியருக்கான தனித் திட்டத்தில் 2014இல் ரூ.150 ஆக இருந்த பிடித்தம் 2018இல் ரூ.350, 2022இல் ரூ.497 என ஏறியது. 2017ஆம் ஆண்டு ஊதியத் திருத்தத்துக்குப் பின் ஊழியருக்கு மருத்துவப்படியாக மாதம் ரூ.300 வழங்கப்படுகிறது. ஆகவே ஒரே சம்பளப் பட்டியலில் மருத்துவத்தின் பெயரால் ரூ.300 வரவாகவும் அதே தொகை பிடித்தமாகவும் நிற்கிறது. காப்பீட்டை அரசு தரும் சலுகையாகக் கொள்ளாமல் தம் பணத்தில் வாங்கிய பொருளாக ஊழியர் கருதுவதற்கு இந்த ஏற்பாடே காரணம் என்பதால், அந்தக் கருத்தைக் குறைகூற முடியாது.

விலக விரும்புவோர் எல்லாரும் ஒரே காரணத்தால் விரும்புவதில்லை என்பதைப் பிரித்தறியாமல் இந்த விவாதத்தில் முன்னே செல்ல இயலாது. கணவனும் மனைவியும் அரசுப் பணியில் இருந்தால் ஒரே குடும்பத்துக்கு இரட்டைப் பிடித்தம் நிகழக்கூடும். இருவருள் ஒருவரிடம் மட்டுமே பிடிப்பது என்ற விதியால் திட்டமே இந்த மறுப்பை ஏற்றுக்கொண்டுவிட்டது. அடுத்தவர் இளம் ஊழியர். மணமாகாதவரின் பெற்றோர் இத்திட்டத்தின் பாதுகாப்பில் உள்ளனர். திருமணம் ஆனதும் அவர்கள் பட்டியலிலிருந்து நீங்கிவிட, சந்தா மட்டும் அதே அளவில் தொடர்கிறது. முதிய பெற்றோரின் மருத்துவச் செலவே ஒரு குடும்பத்தின் பெருஞ்சுமையாக இருக்கையில், அவர்களுக்கெனத் தனியார் காப்பீடு ஒன்றை வெளியில் வாங்க வேண்டிய நிலைக்கு வந்த ஊழியர், தமக்கும் மனைவிக்கும் அதிலேயே இடம் வாங்கிக்கொண்டு அரசுத் திட்டத்தை விட்டு வெளியேறக் கருதுவது இயல்பு. இக்குறை பிடித்தத்தில் இல்லை. குடும்பம் என்பதற்குத் திட்டம் கொடுக்கும் வரையறையில் இருக்கிறது.

இவர்களுக்கு வெளியேறும் வழியைத் திறந்துவிடலாமே என்ற வாதம் புதிதன்று. 2015ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கை உரையில் நிதியமைச்சர் அருண் ஜெட்லி, ஈ.எஸ்.ஐ.யையோ காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஏற்ற வேறொரு மருத்துவக் காப்பீட்டையோ தேர்ந்துகொள்ளும் உரிமையைத் தொழிலாளருக்குத் தர முன்மொழிந்தார். தொழிற்சங்கங்கள் எதிர்த்த அந்த முன்மொழிவு சட்டமாகவில்லை. அது சட்டமாகாதது நன்றே. நோய் வரும் வாய்ப்புக் குறைந்தவர்கள் பொது நிதியை விட்டு விலக, நோயாளிகளும் முதியோரும் மட்டும் எஞ்ச, எஞ்சியோரின் சந்தா ஏற, ஏறிய சந்தாவால் மேலும் சிலர் விலகும் தொடர் சரிவைப் பொருளியலார் எதிர்மறைத் தேர்வு என்பர். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1990களின் நடுவில் தன் ஊழியர் எந்தக் காப்பீட்டுத் திட்டத்தைத் தேர்ந்தாலும் ஒரே அளவு பங்களிப்பை மட்டும் தரும் முறைக்கு மாறியபோது, இளையோரும் உடல்நலம் உடையோரும் மலிவான திட்டங்களுக்குப் பெயர்ந்தனர். மிக விரிவான பாதுகாப்பு அளித்த திட்டம் சில ஆண்டுகளுக்குள் கைவிடப்பட்டதை டேவிட் கட்லர், சாரா ரெபர் ஆகியோரின் 1998ஆம் ஆண்டு ஆய்வு விளக்குகிறது. 1981 முதல் சிலி நாட்டில் கட்டாயச் சந்தாவைத் தனியார் காப்பீட்டுக்கு எடுத்துச் செல்ல வழி செய்யப்பட்டதும், வசதியும் நலமும் உடையோர் அங்கே செல்ல, பொதுக் காப்பீடு முதியோரையும் ஏழையரையும் தாங்கும் இடமாயிற்று. நாற்பத்தெட்டு மாதங்களில் ரூ.14,400 செலுத்தும் இருபத்தைந்து வயது இளநிலை உதவியாளரின் பணம்தான், ஐம்பத்தைந்து வயதுத் தலைமையாசிரியரின் இதய அறுவைச் சிகிச்சைக்குச் செல்கிறது. அந்த இளைஞர் முதிர்ந்த பின் வெளிச் சந்தையில் காப்பீடு தேடினால், முன்பே உள்ள நோய்களுக்கு மூன்றாண்டு வரை காத்திருக்க நேரலாம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஆயினும் புதுக்கோட்டையில் கேட்கும் மறுப்பின் பெரும்பகுதி இந்தக் கோட்பாட்டின் எல்லைக்குள் அடங்குவதில்லை. நலமாக இருப்பதால் வேண்டாம் என்பதைவிட, நோய்ப்பட்டபோது உதவவில்லை, ஆகவே வேண்டாம் என்ற குரலே இங்கு வலுவானது. 1974இல் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு உருவான இம்மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2017இல்தான் திறக்கப்பட்டது. உயர்சிகிச்சைக்குத் திருச்சி, தஞ்சை, மதுரை நகரங்களை நாடுவது நெடுநாள் வழக்கம். மணமேல்குடிக் கடற்கரையிலிருந்து திருச்சி நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. நெஞ்சுவலி கண்டவரை எந்த மருத்துவமனை அருகில் இருக்கிறதோ அங்கே சேர்ப்பார்களே அன்றி, அது திட்டத்தின் பட்டியலில் உள்ளதா என்று தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள். பட்டியலில் உள்ள மருத்துவமனையில் கூட, கட்டணமில்லாச் சிகிச்சை என்று சொல்லப்பட்டதற்குப் பின் அனுமதித்த தொகைக்கும் உண்மைக் கட்டணத்துக்கும் இடையிலான வேறுபாட்டை நோயாளியே கட்ட நேர்ந்தால், அந்தக் குடும்பத்துக்கு மாதந்தோறும் பிடிக்கும் ரூ.300 தண்டனையாகவே தோன்றும்.

செலவைத் திரும்பப் பெற மாவட்ட ஆட்சியர் தலைமையிலான அதிகாரம் பெற்ற குழு உள்ளது. விண்ணப்பம் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் வழியாக அங்கே செல்கிறது. அங்கும் மறுக்கப்பட்டவர்கள் இம்மாவட்டத்துக்கு அதிகார வரம்புள்ள உயர்நீதிமன்ற மதுரைக் கிளையை நாடுகிறார்கள். பட்டியலில் இல்லாத மருத்துவமனை என்ற ஒரே காரணத்தால் கோரிக்கையை மறுக்கலாகாது என்பது அங்கே மீண்டும் மீண்டும் சொல்லப்பட்டது. மத்திய அரசு ஓய்வூதியர் தொடர்பான சிவ காந்த் ஜா வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றமும், சிகிச்சை உண்மையாகவே பெறப்பட்டதா, அதற்கு உரிய சான்று உண்டா என்பதே அளவுகோல் என்று கூறியது. சட்டம் இவ்வளவு தெளிவடைந்த பின்னும் ஒவ்வொரு ஓய்வூதியரும் தனித்தனியே ரிட் மனு போட்டு அதே தீர்ப்பைப் பெற்று வர வேண்டியிருப்பது பெருங்கொடுமை. முதுமையில், கடன் வாங்கிச் சிகிச்சை செய்துகொண்டவர்மேல் வழக்குச் செலவையும் அது ஏற்றுகிறது.

அமைப்பொன்றில் குறை காண்பவருக்கு வெளியேறுதல், குரல் கொடுத்தல் என இரு வழிகள் உண்டு என்றும், முதல் வழி எளிதானால் இரண்டாவது தளரும் என்றும் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதினார். காப்பீட்டில் முதல் வழியை அரசு அடைத்திருப்பது பொது நிதியைக் காக்கும் முறையான செயல் என்றால், இரண்டாம் வழியைத் திறந்து வைப்பது அரசின் விருப்பத்துக்கு விட்டுவிடக் கூடியதன்று. மறுப்பாணைகள் காரணம் காட்டி எழுதப்பட வேண்டும். நீதிமன்றம் ஏற்கெனவே தீர்த்த காரணத்தைக் குழு மீண்டும் சொல்ல அனுமதிக்கக் கூடாது. மணமான ஊழியர் கூடுதல் சந்தா கட்டிப் பெற்றோரைத் தக்கவைக்க வழி வேண்டும். தூரத்தால் திட்டம் பயன்படாத இடங்களில் வரையறுத்த விலக்கு ஒன்றையும் எண்ணிப் பார்க்கலாம். மத்திய அரசின் சி.ஜி.எச்.எஸ். எனப்படும் நலத் திட்டம் எட்டாத பகுதிகளில் வாழும் மத்திய ஓய்வூதியர், புறநோயாளிச் செலவுக்கென மாதம் ரூ.1,000 நிலையான மருத்துவப்படியைத் தேர்ந்துகொள்ள முடிகிறது. அந்த விலக்கு அவரவர் உடல்நிலையைப் பார்க்காமல் வாழிடத்தைப் பார்த்தே தரப்படுவதால் பொது நிதியிலிருந்து நலமுள்ளோரைப் பிரித்தெடுக்கும் கருவியாக மாறுவதில்லை. மணமேல்குடியிலும் ஆவுடையார்கோவிலிலும் வாழும் மாநில ஓய்வூதியரிடம் மாதம் ரூ.497 பிடிப்பதற்கு முன், அவர் வட்டத்தில் பட்டியலிட்ட மருத்துவமனை ஒன்றாவது உண்டா என்று பார்ப்பதை ஒப்பந்தத்தின் முதல் நிபந்தனையாக்க இயலும்.