வாசனைத் தேநீர்: குடித்தது போதும், சுவைத்தும் பார்ப்போம்

காலையில் ஒட்டுக்கடையில் ஒரு தே தாரிக், மாலையில் வீட்டில் ஒரு தேத்தண்ணி. நம்மில் பலருக்கு நாள் இப்படித்தான் ஓடுகிறது. ஆனால் டின் பாலும் சீனியும் கலந்த அந்தத் தேநீரில் தேயிலையின் ருசி என்ன என்று கேட்டால் பதில் சொல்வது சிரமம்.

கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டு ஜே.ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த மலைச் சரிவுகளில் கொழுந்து பறித்த கைகளில் தமிழர் கைகள் ஏராளம். இன்று அங்கே பறிப்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நம் பாட்டிமார் பறித்த இலையின் ருசியை நாமாவது அறிந்துகொள்ள வேண்டாமா? பேரங்காடிகளில் லைச்சி, ரோஜா, இஞ்சி, எலுமிச்சை எனப் பல வாசனைகளில் கறுப்புத் தேநீர் கிடைக்கும் இக்காலத்தில், சுவைத்துப் பார்ப்பதை அதிகச் செலவில்லாத பொழுதுபோக்காகவே வைத்துக்கொள்ளலாம்.

வாசனை எப்படிச் சேர்கிறது?

கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப் பட்டுக் கருக்கவிட்டு, உலர்த்தினால் கறுப்புத் தேயிலை. அதற்கு மூன்று வழிகளில் வாசனை ஏற்றுகிறார்கள். ஏலம், பட்டை, இஞ்சி, பழத்தோல் போன்றவற்றை நேரடியாகக் கலப்பது ஒன்று. எண்ணெய் அல்லது எசன்ஸ் தெளிப்பது இரண்டாவது. ‘எர்ல் கிரே’ இவ்வகை. பெர்கமோட் என்ற நார்த்தை இனப் பழத்தோலின் எண்ணெய்தான் அதன் மணம். மூன்றாவது, பூ அல்லது புகையின் மணத்தை இலையே உறிஞ்சிக்கொள்ளும்படி செய்வது. சீனாவின் ஃபூஜியான் மாநில வூயி மலையில் பைன் மரப் புகையில் உலர்த்தும் ‘லாப்சாங் சூச்சோங்’ இதற்கு எடுத்துக்காட்டு.

முதலில் வெறும் தே ஓ

வாசனைத் தேநீரை எடை போட, வாசனை இல்லாத தேயிலையின் ருசி நாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே கேமரன் மலைத் தேயிலையில் சீனி போடாத தே ஓ ஒன்றும், வாசனைத் தேநீர் ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தேயிலை பரிசோதகர்களுக்கான அனைத்துலகத் தர முறை 100 மில்லிலிட்டர் கொதிநீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம் என்கிறது. அது குறைகளைக் கண்டுபிடிப்பதற்கான கடுஞ்சாயம். வீட்டில் 200 மில்லிலிட்டருக்கு 2 முதல் 3 கிராம், 3 முதல் 4 நிமிடம் போதும். எது எப்படியானாலும் இரண்டு கோப்பைக்கும் அளவும் நேரமும் ஒன்றாக இருக்கட்டும். இல்லையேல் ஒப்பிட முடியாது.

சுவைக்கும் முறை

காய்ந்த இலையை முகருங்கள். ஊறிய இலையை மறுபடி முகருங்கள். பிறகு ஒரு கரண்டி தேநீரைச் சத்தம் வர உறிஞ்சுங்கள். வீட்டில் இப்படிக் குடித்தால் திட்டு விழும். ஆனால் பரிசோதகர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். காற்றோடு சேர்ந்த நீர் வாய் முழுக்கப் பரவி, மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறுகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்துப் பாருங்கள், லைச்சி காணாமல் போய்விடும். நாக்கு அறிவது கசப்பு, புளிப்பு, இனிப்பு போன்ற சிலவற்றைத்தான். மற்றதெல்லாம் மூக்கின் வேலை.

அடுத்தது துவர்ப்பு. ஆங்கிலேயர் இதைச் சுவைகளில் சேர்ப்பதில்லை, வாயில் உண்டாகும் ஓர் உணர்வாகவே கருதுகிறார்கள். நமக்கோ அது அறுசுவையில் ஒன்று. பிஞ்சு வாழைக்காயும் பாக்கும் அறிந்த நாவுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. குடித்தபின் நாக்கின் ஓரத்தை லேசாகப் பிடித்துவிட்டு எச்சில் ஊறச் செய்தால் அது நல்ல துவர்ப்பு. வாயை வறளவிட்டால் அதிக நேரம் ஊறிவிட்டது என்று பொருள்.

கடைசியாக, ஆறவிட்டுக் குடியுங்கள். சூடு மறைத்த குறைகள் அப்போது வெளியே வரும். வாசனை அடங்கிய பிறகும் தேயிலையின் ருசி நின்றால் அது நல்ல கலவை. மிட்டாய் மணம் மட்டும் மிஞ்சினால், மட்டமான இலையை எசன்ஸ் மூடியிருக்கலாம்.

பாலும் சீனியும்

பாலிலுள்ள புரதம் துவர்ப்புப் பொருள்களைப் பற்றிக்கொள்வதால் தேநீர் மென்மையாகிறது. ஏலம், பட்டை, இஞ்சி கலந்த தேநீருக்குப் பால் ஒத்துப்போகும். எலுமிச்சை, செம்பருத்தி போன்ற புளிப்புச் சரக்கு சேர்ந்தால் பால் திரிந்துவிடும். சீனியை ஒரேயடியாக நிறுத்த முடியாதவர்கள் வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்து வரலாம். நீரிழிவு மலிந்த நம் சமூகத்தில், இந்தப் பொழுதுபோக்கின் பெரிய லாபம் இதுவாகவே இருக்கும்.

கவனிக்க வேண்டியவை

தேயிலை அக்கம்பக்கத்து மணத்தை இழுத்துக்கொள்ளும். மசாலைத்தூள், பெலாச்சான் அருகில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத டின்னில், வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். ஒரு வாசனைக்கு ஒரு டின். தேநீர் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும் என்பதால், இரத்தச்சோகை உள்ளவர்கள் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது நல்லது.

நாலைந்து பேர் சேர்ந்து ஆளுக்கு ஒரு வகை வாங்கி 10 கிராமாகப் பங்கிட்டுக்கொண்டால் செலவு குறையும். அறிந்த ருசியைத் தமிழிலேயே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தோட்டத்தில் வேலை செய்த பெரியவர் யாராவது வீட்டில் இருந்தால், முதல் கோப்பையை அவரிடம் கொடுத்து எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். நோட்டில் எழுத நல்ல சொற்கள் அவரிடம்தான் கிடைக்கும்.